நியர் மிஸ் எழுதச் சொல்கிறார்கள், எழுதி என்ன ஆகிறது?

கேள்வி, ஆகஸ்ட் 19, 2024

சேலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். என்ஏபிஹெச் (மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது, வார்டுக்கு மாதம் ஐந்து நியர் மிஸ் (நடக்க இருந்து, நோயாளியைப் பாதிக்கும் முன் பிடிபட்ட தவறு) கட்டாயம் எழுதித் தர வேண்டும் என்று குவாலிட்டி பிரிவிலிருந்து கேட்கிறார்கள். இல்லையென்றால் "உங்க வார்டுல யாரும் எதையும் கவனிக்கிறதே இல்லையா?" என்கிறார்கள். எழுதினால் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கேட்பது "யாரு டியூட்டி?" நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை, மருந்து உள்ளேயும் போகவில்லை, அப்புறம் அதை எழுதி யாருக்கு என்ன லாபம்? இதனால் ஒரு வார்டாவது மாறியதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 19, இரவு

பார்த்திருக்கிறேன். ஃபார்மால் மாறியதைப் பார்த்ததில்லை. வார்டு இன்சார்ஜாக இருந்துவிட்டு குவாலிட்டி பிரிவுக்குப் போனவள் நான். எழுதச் சொல்லி நச்சரித்த பக்கமும் இருந்திருக்கிறேன், எழுதிவிட்டு முழித்த பக்கமும் இருந்திருக்கிறேன்.

மாதம் ஐந்து என்று கேட்டால் மாதம் ஐந்து வரும். முப்பதாம் தேதி, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. "பெட் ரெயில் இறங்கியிருந்தது, ஏற்றிவிட்டேன்." "தரையில் தண்ணீர் கிடந்தது, ஹவுஸ்கீப்பிங்கிடம் சொன்னேன்." தண்ணீர் கிடக்காத நாள் ஏது? குவாலிட்டியில் உட்கார்ந்து இதையெல்லாம் எக்செல் ஷீட்டில் ஏற்றி பை சார்ட் போட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் எண்ணிக்கையையே தூக்கிப் போட வேண்டும். எண்ணிக்கையிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஒரு வார்டு மாறிய கதையை நாளை எழுதுகிறேன். நைட் முடித்து வந்த மகள் தூங்குகிறாள், கீபோர்டு சத்தத்துக்குத் திட்டுவாள். அவளும் நர்ஸ்தான், சொன்னால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21

சரி, இன்சுலின் கதை.

நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவி) போடும் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குழல், மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. வார்டு ஸ்டாக்கில் குப்பியும் சிவப்பு மூடியும்தான் இருக்கும். நோயாளி வீட்டிலிருந்து தன் பேனாவைக் கொண்டுவருவார், பேனா ஊசியைக் கொண்டுவர மாட்டார்.

ஒரு நாள் நைட். ராத்திரி டோஸ் 12 யூனிட். பேனா இருக்கிறது, ஊசி இல்லை. ஸ்டோர் மூடியாகிவிட்டது, இன்டென்ட் போட்டால் காலையில்தான் வரும். அந்தப் பெண் கார்ட்ரிட்ஜிலேயே சிரிஞ்சைக் குத்தி, சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 வரை இழுத்தாள். அந்த 12-ஆம் கோடு என்பது 0.3 மில்லி. 100 யூனிட் மருந்தில் 0.3 மில்லி என்றால் 30 யூனிட். இரண்டரை மடங்கு. அதைப் போட்டுவிட்டு நோயாளியைத் தூங்கவிட்டால், விடிகாலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கிடப்பதை யாராவது பார்த்தால்தான் உண்டு.

தடுத்தது நோயாளியின் மகள். "சிஸ்டர், வீட்ல பேனா ஊசி தீர்ந்தா நாங்க ஆரஞ்சு மூடிலதான எடுப்போம்? இது சிவப்பா இருக்கே?"

மருந்து போகவில்லை. விடிந்ததும் வழக்கமாக நடப்பது நடந்தது. மெமோ, விளக்கக் கடிதம், "இனி அனைவரும் கவனத்துடன் பணியாற்றவும்" என்று ஒரு சர்க்குலர், அதன் பின்பக்கம் எல்லோர் கையெழுத்தும். பெரும்பாலான இடங்களில் கதை இங்கே முடிந்துவிடும்.

இங்கே முடியாததற்குக் காரணம் அந்த வார்டின் மூத்த சிஸ்டர். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. மதியம் ஹேண்ட் ஓவர் முடிந்து இரண்டு ஷிஃப்டும் நிற்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "கார்ட்ரிட்ஜ்ல குத்தி எடுத்தவங்க வேற யாரெல்லாம்?" யாரும் பேசவில்லை. அவர் விடாமல், "நான் எடுத்திருக்கேன். போன மாசம்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் எடுத்திருந்தார்கள். ஒருத்தி இரண்டரையால் வகுத்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவாளாம். இன்னொருத்தி ஆரஞ்சு மூடி சிரிஞ்சைச் சொந்தக் காசில் வாங்கி யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்திருந்தாள். பாக்கெட்டிலிருந்து எடுத்தும் காட்டினாள்.

ஆக, அந்த ராத்திரி நடந்தது அந்த ராத்திரியின் சமாசாரமே இல்லை. பேனா ஊசி வார்டில் இல்லாதது பல மாதக் கதை. ஊசி ஏன் வார்டு ஸ்டாக்கில் இல்லை என்று போய்ப் பார்த்தால், அது "நோயாளி வாங்கித்தர வேண்டிய பொருள்" பட்டியலில் இருந்தது. பில்லிங் சமாசாரம். அந்த ஒரு வரியை மாற்றினார்கள், வார்டில் ஊசி ஒரு டப்பா வைத்தார்கள், கார்ட்ரிட்ஜில் சிரிஞ்ச் குத்தக் கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். அதே வாரத்தில்.

ஆகஸ்ட் 22

"இன்சுலினுக்கு இரண்டு பேர் கையெழுத்து இருக்குமே, அது எங்கே போனது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தது. "அக்கா, ஒரு சைன்" என்று சார்ட்டை நீட்டினால் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே போட்டுக்கொடுக்கும் கையெழுத்து எப்படியென்று வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது ஆள் முதல் ஆள் சொன்ன விடையைக் கேட்காமல், ஆர்டரைப் பார்த்துத் தானாகக் கணக்குப் போட்டு, சிரிஞ்சையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் அது சரிபார்ப்பு. "12 யூனிட் எடுத்திருக்கேன், சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் யாரும் சொல்வார்கள். சிரிஞ்சில் 12 இருந்ததே.

ஆகஸ்ட் 26

முதல் குறிப்பில் எண்ணிக்கையிலிருந்து ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தேன். அது கொஞ்சம் அதிகம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். வந்தது நேர்மாறு. நல்ல வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள். பயந்த வார்டில் தவறு மூடிக் கிடந்தது. 1996-ல் இது கட்டுரையாக வந்தது.

அதனால் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு, யாரும் கேட்காமல் தானாக வரும்போது. அது சட்டென்று குறைந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், புது இன்சார்ஜ் யார் என்று விசாரிப்பேன். ஆனால் அதே எண்ணை இலக்காக்கி ஐந்து கொடு என்றால் வார்டு வாய்திறந்து பேசுகிறதா, கதை எழுதுகிறதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. மொத்தச் சம்பவங்களில் நியர் மிஸ் எத்தனை சதவீதம் என்பது என்ஏபிஹெச் கேட்கும் குறியீடுகளில் ஒன்று. வார்டுக்கு ஐந்து என்பது பெரும்பாலும் நம் குவாலிட்டி ஆட்கள் போட்டுக்கொண்ட கணக்கு. நானும் அந்த ஆட்களில் ஒருத்திதான், தெரிந்தே சொல்கிறேன்.

செப்டம்பர் 2

பெயர் குழப்பம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இது நம்மூர்ச் சிக்கல், வெளியூர்ப் பாடப்புத்தகத்தில் வராது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு இனிஷியல், ஒரு பெயர். ஃபீமேல் மெடிக்கல் வார்டில் எந்த வாரமும் இரண்டு லட்சுமி இருப்பார்கள், ஒருவர் ஆர், ஒருவர் எம். அதனால் யாரும் பெயரே சொல்வதில்லை, "பதினாலாம் பெட் அம்மா" என்றாகிவிடும். சாயங்காலம் ஏசி தண்ணீர் சொட்டுகிறது என்று பதினாலாம் பெட் அம்மாவை ஒன்பதுக்கு மாற்றுவார்கள். ரத்தம் எடுக்க வருகிறவர் மதியமே எழுதி ஒட்டிய டியூபோடு பதினாலுக்கு வருவார். "லட்சுமியம்மாதானே?" என்பார். பாதித் தூக்கத்தில் "ஆமா கண்ணு" என்பார் புது லட்சுமி.

இது நடந்தது. பிளட் பேங்கில் பிடித்தார்கள், பழைய அட்மிஷனில் பதிவான குரூப்போடு ஒத்துப்போகவில்லை என்பதால். எல்லோரும் பிளட் பேங்க் டெக்னீஷியனைப் பாராட்டினார்கள், நியாயம்தான். ஆனால் அந்த அம்மா முதல் தடவை அட்மிட் ஆனவராக இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவே இருந்திருக்காது. இரண்டு லட்சுமிக்கும் ஒரே குரூப் என்றாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பிடிபட்டது அதிர்ஷ்டம். இன்சுலின் கதையிலும் அப்படித்தான், அந்த மகள் அன்று வீட்டுக்குப் போயிருந்தால் தீர்ந்தது. நியர் மிஸ் எழுதும்போது "என்ன தவறு நடந்தது" என்பதற்குப் பாதிப் பக்கம் விடுகிறார்கள், "எப்படிப் பிடிபட்டது" என்பதற்கு ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். அடுத்த தடவையும் அதே வழியில் பிடிபடுமா என்று அதில்தான் தெரியும்.

"உங்க பேரு என்னம்மா?" என்று அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும், டியூபில் லேபிளைப் படுக்கைப் பக்கத்தில் நின்று, ரத்தம் எடுத்த பிறகு ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதி. நடைமுறையில் பாட்டிகள் கோபிப்பார்கள்: "காலைல இருந்து நாலு பேரு கேட்டாச்சு, என் பேரு கூடத் தெரியாமலா வைத்தியம் பாக்குறீங்க?" இரண்டாவது அடையாளமாக வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் இன்னும் மோசம், சொல்லவே மாட்டார்கள். ஒரு பாட்டி சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "அதோ மயில் மேல உக்காந்திருக்காரே, அவரு பேருதான்" என்றார். கேஸ் ஷீட்டில் முருகேசன். அடையாளம் சரி என்று எடுத்துக்கொண்டோம். மணிக்கட்டுப் பட்டையில் உள்ள மருத்துவமனை எண்ணைப் பார்ப்பதுதான் முறை என்று இங்கே எழுதி வைக்கிறேன், யாராவது சண்டைக்கு வருவதற்குள்.

செப்டம்பர் 9

கொஞ்சம் தடம் மாறுகிறேன். விமானக் கதை.

1974 டிசம்பர் 1. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ கம்பெனியின் 514-ஆம் விமானம் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கிடைத்தால் எந்த உயரத்துக்கு உடனே இறங்கலாம் என்பதில் விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வேறு வேறு புரிதல். விசாரணையில் தெரிந்தது: ஆறு வாரம் முன்பு ஒரு யுனைடெட் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மலையை ஒட்டித் தப்பியிருக்கிறது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற கம்பெனிகளுக்குச் சொல்ல வழி இல்லை.

அதற்குப் பிறகுதான் 1976-ல், நடந்த தவறை ரகசியமாக எழுதித் தெரிவிக்க நாசா நடத்தும் முறை வந்தது. தெரிந்தே செய்யாத மீறலாக இருந்து, 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் அபராதமோ லைசென்ஸ் முடக்கமோ கிடையாது. பெயரை அழித்துவிட்டுத்தான் தகவலை வெளியிடுவார்கள். தண்டிக்கும் அலுவலகம் ஒன்று, கேட்டுக்கொள்ளும் அலுவலகம் வேறு. இந்த இரண்டாவது பாதி நம் மருத்துவமனைகளில் இல்லவே இல்லை. நம் ஃபார்ம் நேராகப் போவது இன்க்ரிமென்ட் போடுகிறவரின் மேஜைக்கு.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இன்சுலின் விஷயத்தில் எங்கள் தளம் மாறிய பிறகும் மேல் தளத்தில் அதே உள்ளங்கைக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே லிஃப்ட், ஒரே கேன்டீன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்று வையுங்கள்.

செப்டம்பர் 17

இன்று உலக நோயாளி பாதுகாப்பு நாள். 2019-லிருந்து கொண்டாடுகிறார்கள். பழைய தோழி ஒருத்தி ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள்: அவர்கள் மருத்துவமனையில் கோலப் போட்டி. நடுவில் ஒரு சிரிஞ்ச், சுற்றிப் பதினாறு புள்ளி, கீழே ஆரஞ்சுப் பொடியில் வாசகம். முதல் பரிசு குக்கர். கோலம் போட்ட இரண்டு பேர் நைட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து போட்டார்களாம். நியர் மிஸ் எழுத வேண்டியது அதைத்தான்.

செப்டம்பர் 30

"எழுதினால் கேஸ் ஆகுமா?" என்று தனியாகக் கேட்டவர்களுக்கு.

முதலில் எல்லோரும் சொல்லும் அமெரிக்கக் கேஸ். 2017 டிசம்பர், டென்னசி மாநிலம், வாண்டர்பில்ட் மருத்துவமனை. ஸ்கேனுக்குப் போன நோயாளிக்குப் பதற்றம் குறைய மிடசோலம் கொடுக்க வேண்டும், பிராண்டு பெயர் வெர்செட். மருந்து அலமாரி இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்துத் தேட, இயந்திரம் வெகுரோனியம் கொடுத்தது, தசையை முடக்கும் மருந்து. வெர்செட் திரவம், வெகுரோனியம் பொடி, கலக்கிக் கொடுக்க வேண்டும், மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. அத்தனையும் தாண்டிப் போயிற்று. நோயாளி இறந்தார். நர்ஸ் தானே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் கிரிமினல் குற்றவாளி என்று தீர்ப்பு, மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அலமாரியின் எச்சரிக்கையை மீறி மருந்து எடுப்பது அங்கே அப்போது அன்றாட வழக்கமாக இருந்தது என்று விசாரணையில் பேசப்பட்டது. வழக்கமாக இருந்தபோதே யாராவது அதை நியர் மிஸ்ஸாக எழுதி, யாராவது படித்திருந்தால் என்று தோன்றுகிறது.

நம் பக்கம்: 2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு 106(1)-ல் அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் 2 ஆண்டு வரை. அந்த விளக்கத்தில் வருவது தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவான டாக்டர்கள். நர்ஸ் அதில் இல்லை. அதாவது ஒரே கட்டில், ஒரே தவறு, டாக்டருக்கு உச்சம் 2, நமக்கு உச்சம் 5. இதை நர்சிங் சங்கங்கள் இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும்.

நியர் மிஸ்ஸில் யாருக்கும் காயம் இல்லை, அதனால் இந்தப் பிரிவு அங்கே வராது. இந்தப் பிரிவை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயம் பிரிவு எண் பார்த்து வருவதில்லையே. மெமோ ஒன்று போதும், அந்த வார்டில் ஒரு வருடத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அக்டோபர் 14

ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் பாக்கெட்டில் வைத்திருந்தவளைப் பற்றி ஒருவர் "அவர்தான் நல்ல நர்ஸ், அவருக்கு அவார்டு கொடுத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். இரண்டு வாரமாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அனிதா டக்கரும் மேலே சொன்ன எட்மண்ட்சனும் 2003-ல் நர்ஸ்களின் வேலையைக் கூடவே இருந்து பார்த்து எழுதினார்கள். பொருள் இல்லை, மருந்து வரவில்லை, மெஷின் வேலை செய்யவில்லை என்று தடங்கல் வந்தால் நர்ஸ் என்ன செய்கிறார்? பக்கத்து வார்டில் கடன் வாங்குகிறார், எதையாவது கட்டி ஒப்பேற்றுகிறார், நோயாளிக்கு வேலை நடந்துவிடுகிறது. ஏன் இல்லை என்று யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல நேரமில்லை, சொன்னால் "உனக்குச் சமாளிக்கத் தெரியலையா" என்பார்கள். நாளைக்கு அதே தடங்கல் திரும்ப வரும்.

பாக்கெட் சிரிஞ்சுக்காரி இதேதான். அவள் நோயாளிகள் தப்பித்தார்கள். அவள் லீவு போட்ட நாளில், அவளை மாதிரி யோசிக்கத் தெரியாத புதுப் பெண்ணுக்கு அந்த ராத்திரி வந்தது. கெட்டிக்கார நர்ஸ் நிறைந்த வார்டில் கோளாறு வெளியே தெரிய அதிக நாள் ஆகும். அவளைக் குறை சொல்லவில்லை, நானும் அவளைத்தான் டியூட்டியில் கேட்டு வாங்குவேன். அவார்டு மட்டும் வேண்டாம். அவளிடம் "பாக்கெட்ல என்னென்ன வச்சிருக்க?" என்று மாதம் ஒரு முறை கேட்டால் போதும். எல்லோரிடமும் கேளுங்கள். மூன்றுவழி அடாப்டர், கத்தரி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பேட்டரி என்று வரும். ஒவ்வொன்றும் எழுதாமல் விட்ட ஒரு நியர் மிஸ்.

பொட்டாசியம் குளோரைடும் இதே ரகம். 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல், பக்கத்தில் அதே அளவில் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பியூல். கரைக்காமல் நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 1998-ல் வெளியிட்ட முதல் எச்சரிக்கையே அதை வார்டு அலமாரியிலிருந்து எடுங்கள் என்பதுதான். இங்கே எடுக்கச் சொன்னால் நாமே தனியாக இரண்டு ஒளித்து வைப்போம், ராத்திரி ஃபார்மசி ஏற்றிவர லேட்டாகும் என்று. ஃபார்மசி லேட்டாவதைச் சரிசெய்யாமல் அலமாரியை மட்டும் காலி செய்தால் மருந்து டிராயருக்குப் போகும், லேபிள் இல்லாத இடத்துக்கு.

அக்டோபர் 15

"மூன்றுவழி அடாப்டர்" என்றால் த்ரீ வே ஸ்டாப்காக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம், ட்ரிப் குழாயில் மாட்டும் த்ரீ வே. தமிழில் எழுதப் போய் வந்த வினை.

நவம்பர் 4

கேள்வி கேட்ட சேலம் தங்கை திரும்ப வந்து, "அக்கா, நான் இன்சார்ஜ் இல்லை, ஸ்டாஃப்தான், என்னால் என்ன முடியும்?" என்கிறாள்.

நடந்த அன்றே, ஹேண்ட் ஓவரில், ஃபார்முக்கு முன்னால் வாயால் சொல். பெயர் வேண்டாம். "நேற்று நைட் இப்படி நடக்க இருந்தது, இப்படிப் பிடிபட்டது, வேற யாருக்காவது நடந்திருக்கா?" இதற்கு ஒரு நிமிஷம் போதும். கேள்வியை நீ தொடங்கினால் உன்மேல் சந்தேகம் வரும், அதனால் கொஞ்சம் சீனியரான ஒருவரைப் பேச வை. அப்புறம் ஃபார்மில் "எப்படிப் பிடிபட்டது" என்ற வரியை நீளமாக எழுது, "என்ன பொருள் இல்லாததால் இப்படிச் செய்ய நேர்ந்தது" என்று ஒரு வரி சேர். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதே, அதை எழுதினால் குவாலிட்டிக்கு அதற்கு மேல் தேட வேலை இல்லை.

பெயர் போடாமல் கொடுக்கலாமா என்றும் கேட்டாள். கொடுக்கலாம், ஆனால் திரும்பக் கேட்க ஆள் இருக்காது. நான் குவாலிட்டியில் இருந்தபோது பெயரில்லாத ஃபார்ம்களில் பாதியை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை, எந்த வார்டு என்றுகூட இருக்காது. வார்டு, ஷிஃப்ட், மருந்து இந்த மூன்றையாவது போட்டு, பெயரை விட்டுவிடு. இரண்டு வாரத்தில் பதில் ஒன்றும் வரவில்லையென்றால் அதே விஷயத்தை இன்னொரு ஃபார்மில், "முன்பே தெரிவிக்கப்பட்டது" என்று தேதி போட்டுக் கொடு. இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு நல்ல மரியாதை உண்டு.

இன்சுலின் வார்டில் இப்போது ஊசி டப்பா இருக்கிறதா என்று கேட்டவருக்கு: ஆறு மாதத்தில் ஒருமுறை காலியாகி, யாரும் நிரப்பவில்லை. மூத்த சிஸ்டர் ரிட்டயர் ஆகியிருந்தார். பிறகு கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) தினசரி செக் லிஸ்ட்டில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள், காலை ஷிஃப்ட் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் கேட்டேன், இருக்கிறதாம்.